கட்டைப் பிரிக்கும் நேரம்

அன்பு மகளுக்கு,

உன் செய்தி கிடைத்தது. நாள்கணக்கில் பாடுபட்டுத் தயாரித்த பட்டுக் கரைசல் பாட்டிலுக்குள்ளேயே வெள்ளைக் கட்டியாக உறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வேகமாகக் குலுக்கியதுதான் காரணம் என்று நீயே கண்டுபிடித்தும்விட்டாய். புழுவும் அந்தக் கரைசலை இழுத்து இழுத்துத்தானே நூலாக்குகிறது? அசைத்ததும் அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அதன்மேல் என்ன கோபம்!

முப்பது வருடம் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த எனக்குப் பட்டு என்றால் கறுப்புத் தையல் நூல்தான். உடலில் கரையாத நூல் என்றே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளே விட்டால் ஓராண்டுக்குள் அதன் வலு பெரும்பாலும் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதே பட்டைக் கரைத்துப் படலமாக்கிப் புண்மேல் போர்த்தலாம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தது நினைவிருக்கிறதா? இப்போது சிரிக்கவில்லை. நீ அனுப்பிய குறிப்பை மூன்று முறை படித்தேன். சோடியம் கார்பனேட் நீரில் பட்டுப்புழுக் கூட்டை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, செரிசின் என்ற பசையைக் கழற்றுகிறாய். கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசையே என்பது எனக்குப் புதுச் செய்தி. மிஞ்சும் ஃபைப்ராயினை, அதாவது பட்டு இழையின் புரதத்தை, லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் கரைக்கிறாய். பிறகு அந்த உப்புப் போகும்வரை சவ்வுப் பையில் வைத்து இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி டயாலிசிஸ். அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு வார்டு வாசனையே வந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். உன் குறிப்பில் புண் எத்தனை நாளில் மூடுகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. புண்மேல் போட்ட கட்டைப் பிரிக்கும்போது என்ன ஆகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

தீக்காயத்தோடு வந்த ஒரு பெரியவர். முன்கை முழுவதும் காஸ் துணி ஒட்டிப்போயிருந்தது. சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரத்திலிருந்து நகத்தளவு நகத்தளவாகப் பிரிக்கிறேன். மற்றக் கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார், சத்தமே போடவில்லை. பிரித்த துணியைத் திருப்பிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அது சீழ் அல்ல, இரண்டு மூன்று நாளாக வளர்ந்திருந்த புதுத் தோல். ஆறியதை நானே என் கையால் உரித்திருக்கிறேன். "நாளைக்கும் உண்டா அம்மா?" என்றுதான் கேட்டார்.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். புண்ணைக் காற்றாட விடுங்கள், பொருக்குத் தட்டட்டும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஈரம் காயாமல் மூடிவைத்த புண்ணில் தோல் வேகமாகப் படர்கிறது என்று ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962இலேயே பன்றித் தோலில் காட்டிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது பழைய செய்தி. வார்டில் மட்டும் யாரும் சொல்லவில்லை. உலரவிடுவதுதான் சுத்தம் என்று எல்லோரும் நம்பினோம்.

அதனால்தான் உன் படலத்தில் எனக்குப் பிடித்தது அதன் தெளிவு. அடியில் இருக்கும் புண்ணின் நிறத்தைப் பிரிக்காமலே பார்க்கலாம் என்றால், தினம் ஒருமுறை கிளற வேண்டிய தேவையே பாதி குறையும். மெத்தனாலிலோ நீராவியிலோ வைத்து அதை இறுக்குகிறாய். இறுக இறுகக் கரைவது தாமதமாகிறது. அப்படியானால் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதைப் புண்ணைப் பார்த்துத்தானே முடிவுசெய்ய வேண்டும்? சர்க்கரை நோயாளியின் பாதப் புண் மாதக்கணக்கில் அழற்சியிலேயே நின்றுவிடும். அதற்கும் சமையலறையில் பட்ட சூட்டுக் காயத்துக்கும் ஒரே படலம் போதாது. பட்டே கிருமியைக் கொல்லும் என்று யாராவது எழுதினால் அதையும் நம்பிவிடாதே. அதற்கு வேறு மருந்தைச் சேர்த்தாக வேண்டும்.

எலிகளில் பத்தே நாளில் மூடிவிட்டது என்று குதிக்காதே. எலித் தோல் தளர்வானது. அடியில் உள்ள மெல்லிய தசை விளிம்புகளை இழுத்தே புண்ணை மூடிவிடும். நமக்குப் பெரும்பாலும் புதுச் சதை நிரம்பி, மேலே தோல் ஊர்ந்து வர வேண்டும். புண்ணைச் சுற்றி சிலிகோன் வளையம் தைத்து அந்தச் சுருக்கத்தைத் தடுக்கிறார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். செலவு என்று அதை விட்டுவிடாதே.

வீணான படலத்தில் ஒன்றிரண்டு துண்டு எனக்கு அனுப்பு. உலர்ந்ததும் நொறுங்குகிறது என்றாய். கிளிசரின் கலந்ததையும் கலக்காததையும் தனித்தனியாக வை. பயப்படாதே, எந்தப் புண்ணிலும் வைக்க மாட்டேன். என் முழங்கை மடிப்பில், நல்ல தோலில் ஒட்டி இரண்டு நாள் வீட்டு வேலை பார்க்கிறேன். எங்கே விரிசல் விடுகிறது, எந்த ஓரம் முதலில் எழும்புகிறது, எடுக்கும்போது எத்தனை முடியைப் பிடுங்குகிறது என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா