காய்ந்த சால்டர் பேஸ்டில் தண்ணீர் விடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே வெள்ளி, செம்பு நகைகள் செய்து பழகுவோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். உலோகத் துண்டுகளைச் சூட்டில் பற்றவைக்க உதவும் சால்டர் பேஸ்ட் காய்ந்துபோனால், அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பழையபடி ஆகிவிடும் என்று அதில் ஒரு வரி வருகிறது. அது எல்லா வகைக்கும் பொருந்தாது.

வெள்ளி வேலைக்கெனச் சிரிஞ்சில் அடைத்து விற்கப்படும் பேஸ்ட் என்பது, வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்த உலோகப் பொடியும், சூட்டில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கும் ஃபிளக்ஸும், இரண்டையும் பிடித்து நிறுத்தும் ஒரு பசையும் சேர்ந்த கலவை. பசை தண்ணீரில் கரையும் வகையானால், காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடித் துண்டின் மேல் கத்தியின் தட்டையான பக்கத்தால் கட்டிகள் நசுங்கும்வரை குழைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். வாசலின் போன்ற பிசுக்குள்ள வகையிலோ தண்ணீர் கலக்காமல் முத்து முத்தாகத் தனியே நிற்கும்; அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் தின்னர் எனும் இளக்கும் திரவம்தான் ஏற்றது. ஊசிமுனை மட்டும் அடைத்திருந்தால் ஊசியை மாற்றி, மூடிய சிரிஞ்சைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்தாலே போதும்.

இளகிவிட்டதாலேயே அது பற்றும் என்று நம்பிவிடக் கூடாது. பொடி நுண்ணியது என்பதால் காற்றுப்படும் பரப்பு மிக அதிகம். ஒவ்வொரு துகளையும் ஆக்சைடு கனமாகப் போர்த்திவிட்டால் தண்ணீரோ தின்னரோ அதை மீட்காது. கடுகளவு எடுத்துச் சுத்தமான செம்புத் தகட்டில் வைத்துச் சுடர் காட்டிப் பார்த்தால், நல்ல பேஸ்ட் உருகிப் பளபளவென்று ஒன்றாக ஓடும். கெட்டது சாம்பல் நிறத்தில் மணல் மணலாக நிற்கும். பிந்தியதை நகையில் வைத்தால் மூட்டு விட்டுவிடும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதே பெயரில் கிடைக்கும் மஞ்சள் மெழுகு வெறும் ஃபிளக்ஸ்தான், அதில் உலோகமே இல்லை. சர்க்யூட் பலகைக்கான ஈயம் கலந்த பேஸ்ட் 183 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும் என்பதால் எளிதென்று தோன்றும். ஆனால் அதை ஒருமுறை வெள்ளியில் வைத்துவிட்டு, பிறகு எப்போதாவது அந்த நகையை ஊதுசுடரில் காட்டினால், ஈயம் வெள்ளியை அரித்துக் குழி விழச் செய்துவிடும்.

கட்டுரை தொடாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெயர்ச்சீட்டு அழிந்த பழைய டப்பாவை மீட்க முனையவே கூடாது. நகைக்கடைப் பலகைகளில் 'கே.டி.எம்.' என்ற பெயரில் நாம் பார்த்துப் பழகிய காட்மியம் என்ற நச்சு உலோகம், பழைய வெள்ளிப் பற்றவைப்புப் பொடிகளிலும் உண்டு. அது 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஊதுசுடருக்கு அந்தச் சூடு சாதாரணம். அப்புகை நுரையீரலைத் தாக்கியது சில மணி நேரம் கழித்தே தெரியவரும் என்பதால், வேலை செய்யும்போது ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது. ஜன்னலைத் திறந்து வைப்பது மட்டும் இதற்குக் காப்பாகாது.

இக்கலையைப் புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் தங்கள் இணைப்பை நம்பிப் படிப்பதால், பசையின் வகையையும் காட்மியத்தையும் பற்றிய எச்சரிக்கையை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சேலம்