தென்காசியா, தேனியா? யாழினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினி,

சென்னையை விட்டுக் குடிபோக நீ யோசிக்கும் ஊர்களின் பட்டியல் வந்து சேர்ந்தது. கோயம்புத்தூர், சேலம், தேனி, தென்காசி. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை அருவி, எத்தனை மலை, எத்தனை ட்ரெக்கிங் பாதை என்று கட்டம் போட்டு மார்க்கும் போட்டிருக்கிறாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேளச்சேரியில் உட்கார்ந்து நானும் இப்படி ஒரு கட்டம் போட்டேன். உன் சித்தி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஞாயித்துக்கிழமைக்குச் சரி. செவ்வாய்க்கிழமை காலையில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஊர் மாறி வந்த பிறகுதான் தெரிந்தது, கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்று.

நம் ஊரில் மலை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். காலுக்குப் பக்கத்தில் இருக்காது. இந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய இடம் காப்புக்காடு, மிச்சத்தில் நிறைய எஸ்டேட். அனுமதியில்லாமல் உள்ளே போனால் வழக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீ பிடித்தது உனக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்களில் இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த விதிமுறைகளைப் பலர் கெடுபிடி என்கிறார்கள். மலைச்சரிவில் வளரும் போதைப்புல் காய்ந்து மார்ச் மாதத்தில் எப்படி எரியும் என்று பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்துவிட்டது. வழிகாட்டியோடு போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குச் சென்னையிலிருந்தே பதிவு செய்துகொண்டு வரலாமே! அதற்காக வீட்டைக் காலிபண்ண வேண்டாம்.

அதனால் தேனியை முதலில் பேசிவிடுகிறேன். முடிவெடுக்கும் முன்னால் தேனி, தென்காசி இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்தோம். தேனியில் இருந்தது ஏப்ரலில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை; மாடியில் நின்றால் சொக்கிப் போவாய். கீழே வெயில் கொளுத்தும். வண்டி எடுத்தால் போடிமெட்டில் ஏறிக் குளிர் காற்றில் டீ குடிக்கலாம், மேகமலைக்குப் போகலாம், கும்பக்கரையில் தண்ணீர் இருந்தால் குளிக்கலாம். எல்லாமே "வண்டி எடுத்தால்". எனக்குத் தேனியில் பிடித்தது மலை இல்லை, கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், இரண்டு பக்கமும் நெல், அதைத் தாண்டினால் பன்னீர் திராட்சைப் பந்தல். சின்னமனூரிலிருந்து கம்பம் வரை பிரதான சாலையை விட்டு உள்ளே புகுந்து சைக்கிள் ஓட்டினால் ஒரு காலை போவதே தெரியாது. 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணைக்கு இந்த ஜனங்கள் ஏன் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஓட்டும்போதுதான் புரியும். நீ சைக்கிள்காரியாக இருந்தால் தேனிக்கே போ என்று இங்கேயே கடிதத்தை முடித்திருப்பேன்.

நீ ஓடுகிறவள். அதனால் நாங்கள் குடிவந்த தென்காசியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஏரி என்பதை இங்கே குளம் என்பார்கள். தென்காசியைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் ஒரு குளம் வரும். கரை மண்பாதை, முழங்காலுக்கு இதம், அனுமதிச்சீட்டு வேண்டாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்ததும் பறவைகள் வந்து இறங்கும். மார்கழிக் காலையில் ஒரு பக்கம் நாமக்கோழியும் அரிவாள்மூக்கனும், இன்னொரு பக்கம் பனிக்குள் பாதி மறைந்த மலை, நடுவில் நீ ஓடுகிறாய். ஜனவரியில் தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், ஆர்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமைக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்தக் குளத்தங்கரைதான். அருவி இல்லை.

அருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. குற்றாலம் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். சீசனில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வாரநாளில் இருட்டோடு ஐந்தருவிக்குப் போய் நின்று, எட்டு மணிக்கு லேப்டாப் முன்னால் தலை காயாமல் உட்கார்ந்திருக்கும் சுகத்துக்கு ஈடே இல்லை. சனி, ஞாயிறில் அந்தச் சாலைப் பக்கமே தலைவைக்க மாட்டோம். மார்ச், ஏப்ரலில் பாறைதான் இருக்கும். தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள், அதை மதித்துவிடு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைக்கு மேலே பெய்கிற மழை கீழே குளித்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தெரியாது.

காற்றைப் பற்றி எந்தப் பட்டியலிலும் இருக்காது. செங்கோட்டைக்கு மேற்கே மலையில் ஒரு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் புகுந்து நேரே நம் முகத்தில் அடிக்கும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் முளைத்திருப்பது சும்மா இல்லை. வந்த புதிதில் சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்க ஜூலையில் சைக்கிளில் போனேன். போகும்போது பறந்தேன், எனக்குள் இவ்வளவு தெம்பா என்று ஆச்சரியம் வேறு. திரும்பும்போது சமதரையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மொதல்ல மேற்க போவணும், பொறவு கெழக்க வரணும்வே" என்றார். ஓட்டத்துக்கும் அதே கணக்குத்தான்.

இனி உனக்கு மட்டுமான விஷயம். அடையாறில் நீ ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே பார்ப்பார்கள். சித்தி முதல் வாரம் வேகநடை போனபோது பால்காரரிலிருந்து பூக்காரம்மா வரை நிறுத்திக் கேட்டார்கள்: "ஏம்மா, எதுக்கு இப்பிடி ஓடுதிய? பஸ்ஸ விட்டுட்டியளா?" மூன்றாவது வாரம் கேள்வி நின்றது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பூக்காரம்மாவின் மகள் கூடவே நடக்க வந்தாள். இது எல்லாத் தெருவிலும் இப்படி இனிப்பாக முடியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆள் நடமாட்டமில்லாத கரையில் விடியும் முன் தனியாகப் போகாதே. இதைச் சித்தப்பாவின் பழைய புத்தி என்று நீ திட்டினாலும் சரி. தெருநாய் நிஜமான தொல்லை. புல் வளர்ந்த கரையில் பாம்பு உண்டு. மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்புக்கு யானை இறங்கும். அங்கே காலைநடையின் நேரத்தை ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை ஆபீஸ் போக வேண்டும் என்கிறாய். பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு; மாலையில் ஏறினால் காலையில் சென்னை. தேனிப் பக்கம் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாளில் மதுரைக்கு ஓட வேண்டும். ஆஸ்பத்திரியில் மட்டும் தேனி நம்மை ஜெயிக்கிறது: அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாங்கள் பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலிக்குப் போகிறோம், ஒன்றரை மணி நேரம். அம்மாவையும் அழைத்து வருவதாக இருந்தால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே.

கோயம்புத்தூர் அருமையான ஊர். ஆனால் சின்ன ஊர் வேண்டும் என்று கிளம்பிவிட்டு அங்கே போய் மறுபடி சிக்னலில் நிற்பானேன்? சேலத்தில் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறுகிற வெறியர்கள் இருக்கிறார்கள். உனக்கு அந்த வெறி இல்லை.

உடனே வீடு பார்க்கச் சொல்லாதே. அட்வான்ஸ் கொடுக்காதே. ஊரின் மோசமான மாதத்தில் ஒருமுறை வந்து இரு. தேனிக்கு அது ஏப்ரல். தென்காசிக்கு ஜூலை என்பேன். ஊரே அழகாக இருக்கும், ஆனால் நாள் முழுக்கச் சாரல், கொடியில் போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் ஈரம், சனிக்கிழமை பஜாரில் கால்வைக்க இடமிருக்காது. அந்த மாதத்தை நீ தாங்கிவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்பு, திங்கள் காலை ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். ஷூ மட்டும் இரண்டு ஜோடி எடுத்து வா, ஒன்று காயாது.

அன்புடன்,
சித்தப்பா