உன் கணக்கில் விட்டுப்போன இரண்டு வரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு கோப்புகளும் கிடைத்தன. ராஜினாமாக் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், யார் மனதையும் நோகடிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு நீ தொடங்கப் போகும் பண்ணையின் கணக்கு, அந்த எக்செல் கோப்பைத்தான் மூன்று இரவாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். பன்னிரண்டு வருடம் தணிக்கை வேலை பார்த்த கை சும்மா இருக்குமா?

இரண்டு ஏக்கர், முப்பது கோழி, நாலு கறவை ஆடு, நாற்பது வகைக் காய்கறி, வேலியோரம் பழமரங்கள். மூன்றாம் வருடம் வரவும் செலவும் சமம். கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கிடையாது. என்ன, கோழி வருடத்துக்கு 365 முட்டை இடும் என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்துவிட்டு உன் மாமாவிடம் காட்டிச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. என் முதல் கணக்கில் 300 என்று போட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போகாதே என்று தடுக்க எனக்கு வாயில்லை. ஏழு வருடத்துக்கு முன் உனக்குப் பக்கத்து மேசையைக் காலி செய்துவிட்டு வந்தவள் நான். அன்றைக்கு என்னிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பேசியவர்கள் இரண்டே வகை. "பைத்தியமா உனக்கு" என்றார்கள், இல்லாவிட்டால் "உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது" என்றார்கள். இரண்டும் எதற்கும் உதவவில்லை.

சரி, கோழியிலிருந்தே வருகிறேன். குஞ்சாக வாங்கினால் முதல் முட்டைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். வருடத்தில் ஒரு முறை இறகு உதிர்க்கும். அந்த இரண்டு மூன்று மாதம் முட்டையை மறந்துவிடு. பகல் குறுகும் மாதங்களிலும் குறையும். வயது ஏற ஏற இன்னும் குறையும். இதெல்லாம் போகட்டும். தீவனத்துக்கு நேரே "தோட்டக் கழிவு" என்று எழுதி, தொகையில் பூஜ்யம் போட்டிருக்கிறாயே, அங்கேதான் நின்றுவிட்டேன். முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். முப்பது கோழிக்கு நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல், வருடத்துக்கு ஒரு டன்னைத் தாண்டும். கீரைத் தண்டையும் வெள்ளரித் தோலையும் போட்டு ஒரு டன்னை எப்படி ஈடுகட்டுவாய்?

ஆட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் பால் போட்டிருக்கிறாய். ஆடு குட்டி போட்டால்தான் பால். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், அதில் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்திவிட வேண்டும். கறக்கும் காலத்தில் காலையும் மாலையும், காய்ச்சலோ கல்யாணமோ, நேரத்துக்குக் கறந்தே ஆக வேண்டும். பால் மடியில் தங்கினால் மடி நோயில் கொண்டுபோய் விடும். இன்னொன்று, பிறக்கும் குட்டிகளில் பாதி கிடாவாகத்தான் இருக்கும். அவற்றை என்ன செய்யப் போகிறாய்? விற்பாயா, யாருக்கு, எதற்கு? இதைக் குட்டிகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் முடிவு செய். நான் பெயர் வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த வருடம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தண்ணீர் வரியில் "கூரை மழைநீர்" என்று மட்டும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். உன் கூரை 100 சதுர மீட்டர், வருட மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு சொட்டும் வீணாகாமல் பிடித்தாலும் 60,000 லிட்டர். கேட்க நிறையத்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் காய்கறிப் பாத்தி நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் கேட்கும். 500 சதுர மீட்டர் பாத்திக்கு 2,500 லிட்டர். ஆக, உன் வருடத்து மழை 24 நாளில் தீர்ந்துவிடும். மண்மேல் சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்குப் போட்டால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். கிணறோ போர்வெல்லோ இல்லாத நிலத்தை வாங்கிவிட்டு என்னிடம் வராதே.

மண்ணைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை நீ. என் தலையில் விழுந்த முதல் அடி அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வந்த முதல் மழைக்காலத்திலேயே நாற்பது மரக்கன்று நட்டேன். குழி எடுக்கும்போது மேல்மண் அருமையாக, பொலபொலவென்று இருந்தது. ஒன்றரை அடிக்குக் கீழே கடப்பாரை "ணங்" என்றது. கல் இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது இறுகிப்போன களிமண். அடுத்தடுத்த மழையில் ஒவ்வொரு குழியும் ஒரு வாளியாகிவிட்டது. இலை மஞ்சளானதும் சத்துக் குறைவு என்று நினைத்து எரு போட்டேன், இன்னும் கொஞ்சம் தண்ணீரும் விட்டேன்! ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கருப்பாக, கையோடு உரிந்து வந்தது, சாக்கடை நாற்றம். நாற்பதில் ஒன்பதுதான் மிஞ்சியது.

ஒரு கண்ணாடி பாட்டிலும் ஒரு மண்வெட்டியும் இருந்தால் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்கலாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசைக்காமல் வை. மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேலாகக் கலங்கலாகவே நிற்கும். மேல்மண்ணில் ஒன்று, இரண்டடி ஆழத்து மண்ணில் ஒன்று என்று தனித்தனியாகச் செய். அப்புறம் அதே குழியில் தண்ணீரை நிரப்பிவிட்டு வந்து, மறுநாள் காலையில் போய்ப் பார். தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் மரம் வேண்டாம். பத்திரம் பார்க்க வக்கீலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடு.

இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். ஒரு வருடம் அடிபட்டால் நீயே திருத்திவிடுவாய். கோப்பில் இல்லவே இல்லாத இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் வரி, உன் உழைப்பு. கூலி ஆளுக்குத் தொகை போட்டிருக்கிறாய், உனக்குப் போடவில்லை. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பதை நாம் ஏதோ விவசாயியின் புலம்பல் மாதிரி சொல்லிவிட்டுப் போகிறோம். தணிக்கைக்காரியின் கண்ணுக்கு அது ஒரு கணக்கு முறை. சோவியத் ரஷ்யாவில் 1920-களில் அலெக்சாந்தர் சயானோவ் என்ற வேளாண் பொருளியல் அறிஞர் இதையே ஆராய்ந்து எழுதினார். குடும்பப் பண்ணை தனக்குக் கூலி போட்டுக்கொள்வதில்லை, அதனால் கம்பெனிக்காரன் நஷ்டம் என்று மூடிவிட்டுப் போகும் இடத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கும், தேவை இருக்கும்வரை உடம்பை இன்னும் வருத்திக்கொள்ளும் என்றார். 1937-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அது வேறு கதை.

நான் முதல் வருடம் ஒரு நோட்டுப் போட்டு, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதினேன். பழைய புத்தி. சராசரி நாளுக்கு ஒன்பது மணி நேரம், ஞாயிறு உட்பட. பாத்தியிலும் பட்டியிலும் செலவானதைக் கூட்டிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. மீதி முழுக்க பறித்தது, கழுவியது, தரம் பிரித்தது, கட்டியது, கொண்டுபோய்க் கொடுத்தது, பணம் கேட்டு இரண்டாம் முறை போனது. விளைவிக்கிற ஆசையில்தான் எல்லோரும் வருகிறோம், விற்கிற ஆசையில் யாரும் வருவதில்லை. மணிக்கு எவ்வளவு நின்றது என்று வகுத்தால், அலுவலகத்தில் வாங்கியதில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே. அன்றைக்கு நோட்டை மூடி அலமாரிக்கு மேல் போட்டேன். மறு வாரம் எடுத்து, நாற்பது வகைக் காய்கறியை ஒன்பதாகக் குறைத்தேன். ஆமாம், நானும் நாற்பதில்தான் ஆரம்பித்தேன்.

பணம் மட்டுமில்லை, இந்த வேலை நம்மைக் கட்டிப்போடுவதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். மூன்றாம் வருடம் நம் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற அன்று விருந்துக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பேச்சு நீண்டது. வீட்டுக்கு வந்தபோது மணி பத்து. கோழிக்கொட்டகைப் பக்கம் டார்ச் அடித்தால் கோழிகள் தூக்கத்திலேயே முனகும், அந்தச் சத்தம் இல்லை. கதவு காலையில் திறந்துவிட்டபடியே இருந்தது. காட்டுப்பூனையாக இருக்க வேண்டும். பத்தொன்பதில் பதினாலு போயிருந்தது. தின்றதுகூட இல்லை, பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து மட்டும் கடித்திருந்தது. மிஞ்சிய ஐந்தில் ஒன்று எருமேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, வெளிச்சத்தைப் பார்த்தும் அசையவில்லை. அந்த ஐந்தும் அப்புறம் பல வாரம் முட்டையிடவில்லை. இப்போது நேரத்துக்குத் தானாக மூடும் கதவு வைத்திருக்கிறேன். ஒரு கோழி வெளியே நிற்கும்போதே அது ஒரு நாள் மூடிக்கொண்டதால், எப்படியும் போய்ப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வரியை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இங்கே வருகிறவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேலையை விட்டுவிட்டு எப்படி சமாளித்தீர்கள்" என்று கேட்பார்கள். நான் மூடாக்கைப் பற்றியும் மட்கு எருவைப் பற்றியும் பேசுவேன். உன் மாமா வேலையை விடவில்லை என்பதைச் சொல்ல மாட்டேன். முதல் நாலு வருடம் கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர் சம்பளத்தில்தான் நடந்தது. தோட்டம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது ஐந்தாம் வருடம். இந்த மாதிரி வாழ்க்கைக் கதைகளை நீயும் நிறையப் படித்திருப்பாய். அடுத்த முறை படிக்கும்போது அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வருமானம் எது என்று தேடு. சம்பளமாக இருக்கும், வாடகையாக இருக்கும், அப்பா விட்டுப்போன சொத்தாக இருக்கும், பயிற்சி வகுப்புக் கட்டணமாகவும் இருக்கும். அதில் தப்பு ஒன்றுமில்லை. மறைத்துவிட்டு, அடுத்தவரை வேலையை விடச் சொல்வதுதான் தப்பு.

நீ எடுத்துக்காட்டிய ஜப்பானிய இயற்கை விவசாயி மசானோபு ஃபுகுவோகாவையே பார். யோகோஹாமா சுங்கத் துறையில் தாவரங்களைப் பரிசோதிக்கும் வேலையை 25 வயதில் விட்டுவிட்டு அப்பாவின் தோப்புக்குப் போனார். அதுவரை சரி. அங்கே இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ஆரஞ்சு மரங்களைக் கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்யாமல் விட்டார். கிளைகள் பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின. அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலைக்குப் போனார். ஜப்பானிலேயே கோச்சி என்ற இடத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் இருந்துவிட்டு, உலகப் போர் முடிந்த பிறகுதான் நிலத்துக்கே திரும்பினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1932-ல் நிலத்தை நம்பிக் குடியேறிய ஹெலன், ஸ்காட் நியரிங் தம்பதியும் காய்கறியை வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ரொக்கத்துக்கு மேப்பிள் பாகு காய்ச்சி விற்றார்கள். எது வயிற்றுக்கு, எது கைக்காசுக்கு என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். உன் கோப்பில் எல்லாமே இரண்டுக்கும் இருக்கிறது.

ஆகவே என் யோசனை, கடிதத்தை இப்போது கொடுக்காதே. வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைக்குமா என்று கேள். மறுத்தால் நஷ்டமில்லை, கடிதம் உன்னிடம்தானே இருக்கிறது. நிலத்தை வாங்காமல் ஒரு வருடம் குத்தகைக்கு எடு. எல்லாப் பருவத்திலும் அந்த மண்ணைப் பார்த்திருப்பாய். ஆறு கோழி போதும். ஆடு வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். காய்கறியில் வீட்டில் தினமும் சமைப்பதை மட்டும் போடு. கூடவே நோட்டு. ஒரு வருடத்துக்கு அப்புறம் அந்த நோட்டைப் பார்த்தும் உனக்குப் போக வேண்டும் என்றே இருந்தால், கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கொடு.

எனக்கு ஏன் திரும்பிப் போகத் தோன்றவில்லை என்று கேட்டிருக்கிறாய். எழுத்தில் சொல்ல வரவில்லை. நேற்றுக் காலை அவரைப் பந்தலில் கை விட்டபோது கொடி முழுக்கப் பனி, முழங்கைவரை நனைந்தது. அதில் காரணம் எதுவும் இல்லை, தெரியும்.

நேரில் வா. ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும். வெள்ளி மாலை வந்துவிட்டுத் திங்கள் காலை போ. வரும்போது நீ பார்த்து வைத்திருக்கும் நிலத்தில் மூன்று இடத்து மண், மேல்மண்ணும் அடிமண்ணும் தனித்தனிப் பையில், எந்த இடம் என்று எழுதி ஒட்டிக் கொண்டுவா. பாட்டில் இங்கே இருக்கிறது.

அன்புடன்,
அக்கா