மன்றோ 200: தூணுக்கு வெள்ளையடித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரும் 2027 ஜூலை 6ஆம் தேதியோடு சர் தாமஸ் மன்றோ இறந்து 200 ஆண்டு ஆகிறது. சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். சென்னைக்காரர்களுக்கு அவர் கவர்னர். எங்களுக்கு அவர் 1792 முதல் 1799 வரை தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து வரி போட்ட உதவி அதிகாரி. ஊரில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. 200ஆம் ஆண்டை எப்படி நடத்தலாம் என்று எங்களில் சிலர் இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம். அந்தப் பேச்சு தூணுக்கு வெள்ளையடிப்பது, மாலை போடுவது, மேடை, பந்தல், நினைவு மலர் என்ற அளவிலேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். அ-பதிவேடு, அடங்கல், சிட்டா, புலப்படம் என்று நிலக் கணக்குகளோடேயே வாழ்ந்தவன் கண்ணுக்கு மன்றோ காலத்தில் பெரிதாகத் தெரிவது அவர் நட்ட மரமோ போட்ட தோட்டமோ அல்ல, காகிதம். திப்பு சுல்தானிடமிருந்து 1792 உடன்படிக்கையில் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம்) கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்கு வந்தபோது கேப்டன் ரீட் தலைமையில் உதவியாளர்களாக மன்றோ, மெக்லியோட், கிரஹாம் என்று மூன்று பேர் வந்தார்கள். எந்த ஊரில் என்ன மண், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, யார் உழுகிறார்கள், என்ன விளைகிறது, எந்தச் சாதிக்கு என்ன வழக்கம், எதற்கெல்லாம் தீர்வை என்று அத்தனையையும் எழுதி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அச்சகம் அவற்றை 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் பல பகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டது. நம் பாட்டன் பூட்டன் உழுத நிலத்தைப் பற்றி எழுதியது, ஆனால் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டினத்திலோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை தானாக எடுத்துப் படிக்கிற நிலையில் அது இல்லை. 200ஆம் ஆண்டுக்குச் செய்ய வேண்டியது இதுதான்: அந்தப் பதிவுகளைத் தமிழில் கொண்டுவருவது. முழுவதும் முடியாவிட்டாலும் மக்கள், விளைபொருள் பற்றிய பகுதிகளையாவது.

இதற்குக் காலம் பிடிக்கும் என்பதால்தான் அவசரப்படுகிறேன். பந்தல் போட ஒரு வாரம் போதும், மொழிபெயர்ப்புக்குப் போதாது. பழைய அளவு, நாணயம், ஊர்ப்பெயர் எல்லாம் ஆங்கிலேயன் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது, அந்தப் பக்கத்து ஆட்களும் வேண்டும். தருமபுரி அரசு கலைக் கல்லூரி வரலாற்று மாணவர்களும் ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியும். மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி வந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. 1980இல் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகளை அரசு ஒழித்தபோது அந்தக் குடும்பங்களில் தங்கிப்போன பழைய காகிதங்கள் இன்னும் சில வீட்டுப் பரணில் இருக்கலாம். கரையானும் மழை ஒழுகலும் தின்றது போக மிச்சம் இருப்பதை, உரியவர்களிடம் கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் எடுத்துவிட்டு அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத கதையானால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

அதியமான் ஆண்ட தகடூரில், அதாவது நம் தருமபுரியில், வெள்ளைக்காரனுக்கு என்ன விழா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊரின் வயது 200 அல்ல, நமது அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்த்தாலே அது தெரியும். மன்றோவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லவும் இல்லை. விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே பாராமகாலில் பழகி, 1820இல் அவர் கவர்னரான பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. வரி அதிகம், குறைக்க வேண்டும் என்று அவரே மேலிடத்தோடு வாதாடியிருக்கிறார், அது அவர் பெருமை. ஆனால் அதே மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று 1855இல் விசாரணைக் குழுவே அறிக்கை கொடுத்தது. விழா மலரில் முதல் செய்தியைப் போட்டால் இரண்டாவதையும் போட வேண்டும். மழை பொய்த்த வருடத்தில் சாமையும் கேழ்வரகும் விளையாத மேட்டு நிலத்துக்குத் தீர்வை கட்டியவன் பக்கமும் சொல்லப்பட வேண்டும்.

தேதியைப் பற்றியும் ஒரு யோசனை. மன்றோ இறந்தது தருமபுரியில் அல்ல, இன்றைய ஆந்திராவில் பத்திகொண்டாவில், காலரா கண்டு. ஆகவே ஜூலை 6 அன்றே இங்கே கூட்டம் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும் நாட்களில் தாலுகா ஆபீசுக்கு எல்லா கிராமத்து ஆட்களும் எப்படியும் வருகிறார்கள். ஜமாபந்தியே அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதானே. அங்கேயே ஒரு பக்கம் மேஜை போட்டு, ஒவ்வொரு ஊரைப் பற்றியும் பதிவுகளில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் அச்சிட்டு வைத்தால் ஜனம் நின்று படிக்கும். மனு கொடுக்க வந்த பெரியவர் தன் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, இந்த ஏரி இப்போது அங்கே இல்லை, இந்த ஓடை திரும்பிவிட்டது என்று நாலு வார்த்தை சொன்னால் அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2004இல் மாவட்டம் பிரிந்தது, ஆனால் பாராமகால் இரண்டுக்கும் பொது, திருப்பத்தூருக்கும் பங்கு உண்டு. செலவுக்கு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கலாம், ஊர்ப் பெரியவர்களையும் கேட்கலாம். ஆனால் முதல் ரூபாய் மொழிபெயர்ப்புக்குப் போகட்டும், மிச்சம் இருந்தால் பந்தல்.

ஆங்கிலம் படித்து விளக்கக் கூடியவர்கள், பழைய காகிதம் வைத்திருப்பவர்கள், ஊர்ப்பெயர் அடையாளம் சொல்லக் கூடியவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதினால், தாங்கள் அதையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
தருமபுரி மாவட்டம்.