ஃபோல்டரின் வரிசையும் எங்கள் உழைப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் 23 வருடமாகக் காலண்டர் டிசைன் செய்கிறேன். முதல் 14 வருடம் ஓர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் எழுத்தும் பக்கமும் அமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். இப்போது வீட்டின் முன்அறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு, இரண்டு பெண்பிள்ளைகளை வேலைக்கு வைத்துச் சொந்தமாக நடத்துகிறேன். உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியை விடாமல் படிப்பவள். வைரஸ், பாஸ்வேர்டு, செல்போன் மோசடி என்று எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க எங்கள் கண்முன் இருக்கும் ஃபோல்டரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வந்ததில்லை. அதனால் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊரில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கும் வேலை மார்கழி வரை ஓயாது. படம் போட்ட அட்டை மொத்தமாக அடித்து வந்துவிடும். பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுப்பவர், ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துப் படத்தின் நம்பர் சொல்வார். அட்டையின் அடியில் வெறுமையாக விட்டிருக்கும் பட்டையில் அவருடைய கடைப் பெயர், முகவரி, போன் நம்பரை அமைத்து, வாட்ஸ்அப்பில் புரூஃப் (சரிபார்க்கும் மாதிரி) அனுப்பி, அவர் சரி என்றதும் அச்சு பிளேட் எடுக்கக் கொடுப்பது எங்கள் வேலை.

இதற்கு நான் வைத்திருந்த ஃபோல்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திறக்கும். படங்கள் இருக்கும் ஃபோல்டர் பெரிய ஐகானாகத் திறக்க வேண்டும். 412 என்று நம்பரைச் சொன்னால் அது வேல் பிடித்த முருகனா, மயில்மேல் உட்கார்ந்த முருகனா என்று படத்தைப் பார்த்தால்தானே தெரியும்? பார்ட்டி ஃபோல்டருக்குப் படம் உதவாது. பட்டையில் இருக்கும் பொடி எழுத்து ஐகானில் தெரியாது. அங்கே பெயரும் தேதியும் பட்டியலாகத் தெரியும் டீடெய்ல்ஸ் தோற்றம் வேண்டும், கடைசியாகத் திருத்திய ஃபைல் உச்சியில் நிற்க வேண்டும். கணக்கு ஃபோல்டர் பெயர் வரிசையில் இருந்தால்தான் பாக்கிக்காரரைத் தேட முடியும். யாரும் சொல்லித் தந்து செய்ததல்ல இது. ஒன்பது வருடத்தில் ஒவ்வொரு ஃபோல்டராகக் கை பழகி அமைந்தது. அம்மியில் எந்தப் பக்கம் அரைப்பது என்று கைக்குத் தெரிகிற மாதிரி, எந்த ஃபோல்டரில் எங்கே கிளிக் செய்வது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

போன புரட்டாசியில் பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனதால் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையதில் விண்டோஸ் 7, புதியதில் 11. மாட்டித் தர வந்த தம்பி டி டிரைவ் மொத்தத்தையும் ராத்திரி முழுக்க வைத்து மாற்றித் தந்தார். காலையில் எண்ணிப் பார்த்தோம். ஒரு ஃபைல்கூட விடுபடவில்லை. அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் ஒரு மளிகைக் கடை ஆர்டர், ஆயிரம் அட்டை. அந்த அண்ணாச்சி மூன்று முறை திருத்தம் சொல்லியிருந்தார். கடைசித் திருத்தம் போன் நம்பர். மூன்றாவது புரூஃபைப் பார்த்துச் சரி என்றும் சொல்லிவிட்டார். பிளேட்டுக்கு அனுப்பும்போது என் ஆபரேட்டர் பிள்ளை ஃபோல்டரைத் திறந்திருக்கிறாள். புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் பெரிய ஐகானாகத் திறந்திருக்கிறது. வரிசை தலைகீழாகி, முதல் புரூஃப் முதலில் நின்றிருக்கிறது. மூன்றும் ஒரே லட்சுமி படம், ஒரே கடைப் பெயர். ஐகானில் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது.

அச்சாகி வந்த கட்டைப் பிரித்துப் பார்த்த அண்ணாச்சி, "ஏம்மா, இந்த நம்பரை நான் விட்டு ஆறு மாசம் ஆச்சே" என்றார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, "அக்கா, எப்பவும் போல முதல்ல இருந்ததைத்தான் எடுத்தேன்" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டு ராத்திரி நாங்கள் மூவரும் உட்கார்ந்து, புது நம்பர் அடித்த சின்னச் சின்ன ஸ்டிக்கரை ஆயிரம் அட்டையிலும் கோணாமல் ஒட்டினோம். அண்ணாச்சி பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொண்டார்.

ஃபைல் எல்லாம் வந்தபோது வரிசை மட்டும் ஏன் வரவில்லை என்று அதன்பின்தான் தேடித் தெரிந்துகொண்டேன். ஒரு ஃபோல்டரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற விவரத்தை விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குள் வைப்பதில்லை. ரெஜிஸ்ட்ரி என்கிற தன் உள்கணக்கில், நம்முடைய யூசர் பெயருக்குக் கீழே எழுதி வைக்கிறது. அந்த இடத்துக்குப் பெயரே 'பேக்ஸ்', அதாவது பைகள். ஃபோல்டருக்கு ஒரு பை. ஐகானா பட்டியலா, எந்த வரிசை, எந்தப் பத்தி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அந்தப் பைக்குள். டி டிரைவை எடுத்துப் போனால் ஃபைல் வரும், பை பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். புதியது அந்த ஃபோல்டரை முதன்முறை பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்டம் விட்டு, ஜே.பி.ஜி. என்ற பட ஃபைல்கள் நிறைய இருந்தால் இது படங்கள் வகை என்று தானாகவே தீர்மானித்துக்கொள்கிறது.

பைகளுக்கு எண்ணிக்கையும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிதில் 400 ஃபோல்டர்கள்தான் நினைவில் இருக்கும். பிறகு அதை 5000 ஆக்கினார்கள். சாதாரண வீட்டுக்கு 5000 தாராளம். வருடத்துக்கு 600 பார்ட்டி, பார்ட்டிக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டு வருடம் சொச்சத்தில் நிரம்பிவிடும். நிரம்பினால் பழையதை மறந்துதான் புதியதை ஏற்கும். எக்ஸ்பியில் 'ஒவ்வொரு ஃபோல்டரின் தோற்றத்தையும் நினைவில் வை' என்று ஒரு கட்டம் இருந்தது, டிக் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7 முதல் அந்தக் கட்டமே இல்லை. நினைவில் வைப்பது என்னவோ நடக்கிறது, ஆனால் நடக்கிறதா என்று பார்க்க நமக்கு ஒரு இடமில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

வேறு விதமாகச் செய்ய முடியாததல்ல இது. சென்னையிலிருந்து ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பார்ட்டிகள் பென்டிரைவ் அனுப்பினால் அதில் ஃபோல்டருக்கு ஃபோல்டர் '.டிஎஸ்_ஸ்டோர்' என்று ஒரு ஃபைல் ஒட்டிக்கொண்டு வரும். பல வருடம் அதை வைரஸ் என்று நினைத்து அழித்திருக்கிறேன். அந்த ஃபோல்டரை எப்படித் திறக்க வேண்டும் என்று ஆப்பிள் எழுதி வைக்கும் குறிப்பு அது. ஃபோல்டர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். விண்டோஸுக்கு மாற்றாக உள்ள லினக்ஸில் டால்பின் என்ற ஃபைல் மேனேஜரும் நெடுங்காலமாக இப்படித்தான், '.டைரக்டரி' என்று ஒரு மறைவு ஃபைலை அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவந்தது. எல்லா ஃபோல்டருக்கும் ஒரே தோற்றமா, தனித்தனியா என்று நம்மைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, பார்க்கும் ஃபோல்டரிலெல்லாம் குட்டி ஃபைல் முளைக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பாரமே இல்லை. ஆயிரம் ஸ்டிக்கர் ஒட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் 'கஸ்டமைஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே பொது, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று ஐந்து வகை. பார்ட்டி ஃபோல்டர்களின் தாய் ஃபோல்டருக்கு டாக்குமென்ட்ஸ் என்று கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் அதுவே என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு ஒரு பார்ட்டி ஃபோல்டரை எனக்கு வேண்டிய வரிசையில் அமைத்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பக்கத்தில் உள்ள 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பட்டனை அழுத்தினேன். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று: அந்தப் பட்டன் எல்லா ஃபோல்டரையும் மாற்றாது, அதே வகையில் இருப்பவற்றை மட்டும்தான் மாற்றும். அதனால்தான் முதலில் வகையைச் சரிசெய்ய வேண்டும். என் பக்கத்துப் பிரஸ்காரர் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு "வேலை செய்யலம்மா" என்று பல மாதம் புலம்பிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கமும் கொண்டுவந்தேன். புரூஃப் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணாலேயே தொடங்குகிறோம். புதியது ஒன்று உருவானதும் முந்தையது 'பழசு' என்ற உள்ஃபோல்டருக்குப் போய்விடும். எந்த வரிசையில் திறந்தாலும் வெளியே ஒன்றுதான் நிற்கும்.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் விண்டோஸும், லினக்ஸ் வகையான உபுண்டுவும் இருக்கின்றன. ஃபோல்டர் உண்டாக்க, பெயர் மாற்ற, நகலெடுக்கப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஃபோல்டரின் தோற்றம் எங்கே சேமிக்கப்படுகிறது, கம்ப்யூட்டர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் அதில் அரைப் பக்கம் கொடுக்க வேண்டும். என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் கில்லாடிகள். ஃபைல் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்கும் வழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை. கற்றுக்கொடுக்காதது அவர்கள் தவறல்ல.

விண்டோஸ் செய்பவர்களிடமும் ஒரே ஒரு பட்டன் கேட்கிறேன்: இந்த ஃபோல்டரின் தோற்றத்தை இந்த ஃபோல்டரோடே சேமி. வேண்டாதவர்கள் அழுத்த வேண்டாம். டைப்செட்டிங் கடை, பத்திர எழுத்தர், போட்டோ ஸ்டுடியோ என்று ஃபைலோடு பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் அது உதவும்.

அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு முன்பு உங்கள் கணினிப் பகுதியில் இதைப் படத்தோடு ஒரு வாரம் போடுங்கள். சீசன் தொடங்கும் முன் எங்கள் ஊரில் நிறையப் பேர் கம்ப்யூட்டர் மாற்றுவார்கள். அந்தப் பக்கத்தை நான் வெட்டி மானிட்டருக்கு மேல் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
காலண்டர் வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.