நெட்வொர்க் போன போனில் மறுபடி ரோம் ஏற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பெனி அப்டேட் நின்றுபோன ஆண்ட்ராய்டு போனில் கஸ்டம் ரோம் (கம்பெனி தராமல் வெளியார் உருவாக்கிய இயங்குதளம்) ஏற்றுவது தமிழ்நாடு – கேரள எல்லையோரச் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வேலை. ஏற்றி முடித்ததும் டவர் கோடு காணவில்லை என்றால், பதற்றத்தில் அதே ஃபைலை இரண்டாவது, மூன்றாவது முறையும் ஏற்றுகிறார்கள். மிஞ்சியிருப்பதும் அதில்தான் அழிகிறது. எங்கே கோளாறு என்று தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும்.

முதலில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வருகிறதா, அது போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்தானா என்று ஒத்துப்பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் பேஸ்பேண்ட் வெர்ஷன் (டவரோடு பேசும் மோடத்தின் மென்பொருள் பதிப்பு) என்ற வரியைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் செட்டிங்கில்தான்.

எல்லையோரத்தில் ரோமிங்கை முதலில் பார்க்க வேண்டும். பகவதிபுரம் தாண்டினால் தமிழ்நாட்டு சிம் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக ஏற்றிய ரோமில் டேட்டா ரோமிங் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். பேச முடியும், நெட் வராது. அதை ஆன் செய்து, நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள். ஏபிஎன் (நெட் இணைப்புக்கான முகவரி) காலியாக இருந்தால் ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். நெட் ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை, அதுவும் ஜியோ சிம்மில் மட்டும் என்றால் காரணம் வேறு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ (4ஜி வழியாகப் பேசும் வசதி) இல்லாமல் பேச முடியாது. *#*#4636#*#* அழுத்தி ஐஎம்எஸ் (வோல்ட்இ அழைப்பை நடத்தும் அமைப்பு) நிலையைப் பாருங்கள். 'நாட் ரெஜிஸ்டர்ட்' என்றே நின்றால் அந்த ரோமிலேயே குறை இருக்கலாம். வேறு பதிப்புக்கு மாறுவதுதான் வழி.

பேஸ்பேண்ட் இடத்தில் 'அன்நோன்' என்று வந்தால் பெரும்பாலும் மோடம் ஃபர்ம்வேர், அதாவது மோடத்தை இயக்கும் மென்பொருள், பொருந்தவில்லை. கஸ்டம் ரோம் ஜிப்புக்குள் மோடம் பெரும்பாலும் இருக்காது. போனில் ஏற்கெனவே இருப்பதை நம்பித்தான் ரோம் ஓடும். பழைய ஆண்ட்ராய்டின் மோடம் மேல் புது ரோம் வந்து உட்கார்ந்தால் ஒன்றோடு ஒன்று பேசாது. ரோமை விட்டுவிட்டு, அதே மாடலுக்கு, அதே வேரியண்ட்டுக்கு உரிய ஃபர்ம்வேரை மட்டும் ஏற்றுங்கள். சாம்சங்கில் ஓடின் என்ற கணினி மென்பொருள் வழியாக, மோடத்துக்கு உரிய சிபி ஃபைல் மட்டும் போட்டாலே பலமுறை டவர் திரும்பிவிடும். முழு ஃபர்ம்வேர் போட வேண்டி வந்தால், அதன் பெயரில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைக் கவனியுங்கள். அது பூட்லோடரின் (போனை முதலில் எழுப்பும் மென்பொருள்) பைனரி எண், அதாவது பதிப்பு எண். போனில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணுள்ளதை ஏற்ற முடியாது. ஷாவ்மியில் மி ஃப்ளாஷ் டூல் திறக்கும்போது கீழே 'கிளீன் ஆல் அண்ட் லாக்' தேர்வாகியிருக்கும். அதை மாற்றாமல் வேறு நாட்டு ரோமை ஏற்றினால் பூட்லோடர் பூட்டிக்கொண்டு போனே எழும்பாமல் போகலாம்.

ஐஎம்இஐ பூஜ்யமாகவோ காலியாகவோ வந்தால்தான் உண்மையான சிக்கல். குவால்காம் சிப் உள்ள போனில் அந்த எண்ணும் ரேடியோ அளவீடுகளும் (சிக்னலைச் சரியாகப் பிடிக்க வைக்கும் அமைப்பு எண்கள்) மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 என்ற சேமிப்புப் பகுதிகளில் இருக்கும். மீடியாடெக் சிப் என்றால் என்விராம், என்விடேட்டா. மீடியாடெக்குக்கான எஸ்பி ஃப்ளாஷ் டூலில் 'டவுன்லோட் ஒன்லி' போட வேண்டிய இடத்தில் 'ஃபார்மட் ஆல்' போட்டால் இவை துடைத்துப் போகும். பேக்கப் இருந்தால் திருப்பி எழுதினால் போதும். இல்லாவிட்டால், பல குவால்காம் போன்களில் எஃப்எஸ்ஜி என்ற பகுதியில் ஒரு மறுபிரதி இருக்கும். மோடம்எஸ்டி இரண்டையும் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் நிலை) அழித்து ரீபூட் செய்தால் மோடம் எஃப்எஸ்ஜியிலிருந்து அவற்றை மறுபடி கட்டிக்கொள்ளும். எஃப்எஸ்ஜியும் காலியானால் இது பலிக்காது. அப்போது கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்.

நண்பனின் அதே மாடல் போனிலிருந்து இந்தப் பகுதிகளை எடுத்துப் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ரேடியோ அளவீடு ஒவ்வொரு போர்டுக்கும் தொழிற்சாலையிலேயே தனித்தனியாகச் செய்யப்படுவது. அடுத்த போனின் அளவீட்டில் டவர் வந்தாலும் பலவீனமாக வரும். மேற்குத் தொடர்ச்சி மலையடியில், கிடைக்கிற கொஞ்ச சிக்னலிலும் பாதி போய்விடும். ஒரே எண்ணில் இரண்டு போன் ஓடும் குற்றமும் சேரும். ஐஎம்இஐ எண்ணை மாற்றி எழுதினால் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய போன் வாங்குகிறவர்கள் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டும்.

எல்லையின் இரு பக்கத்துக் கடைக்காரர்களிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ரோம் ஏற்றும் முன் டிடபிள்யூஆர்பி ரிகவரியில் (ரோம் ஏற்றவும் நகல் எடுக்கவும் உதவும் மென்பொருள்) பேக்கப் போய் ஈஎஃப்எஸ் (ஐஎம்இஐ இருக்கும் பகுதி) கட்டத்தை டிக் செய்யுங்கள். மீடியாடெக் என்றால் என்விராம், என்விடேட்டா இரண்டையும் எஸ்பி ஃப்ளாஷ் டூலின் ரீட்பேக் வழியாக நகல் எடுங்கள். மோடம்எஸ்டி இரண்டும் சேர்த்தே சில எம்பிதான். அந்த நகல் போனுக்குள்ளேயே கிடந்தால் அடுத்த ஃபார்மட்டில் அதுவும் போய்விடும். பென்டிரைவில் போட்டு, மேலே ஐஎம்இஐ எண்ணை எழுதி, போனுக்கு உரியவர் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கைபேசி பழுது நீக்குவோர்,
செங்கோட்டை – புளியரை வட்டாரம்