செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கமிருந்து சிரமப்பட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த வீட்டாருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன வருடப் பொதுக்குழு மாடியில் நடந்தது. மேலே வர முடியாதவர்கள் கீழே உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் சங்கம் மாடியில் கூட்டம் போட்டது என்று தெருவே சிரித்தது. தப்பு என்னுடையதுதான். இடத்தை நேரில் பார்க்காமல் போனில் பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். இந்த முறை டேப்பை எடுத்துப் போய், வாசலையும் கழிப்பறைக் கதவையும் அளந்த பிறகுதான் சரி என்றேன். பின்பக்கக் கழிப்பறையில் நாற்காலி உள்ளே போய்த் திரும்பி வரும். நானே போய்த் திரும்பிப் பார்த்தேன்.

இந்த ஆண்டு இரண்டு உறுப்பினர்களை இழந்தோம். ஒருவருக்குச் சிறுநீரகம், இன்னொருவருக்குப் படுக்கைப்புண். எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்றும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயும் ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்துவோம்.

இனி இந்த ஆண்டின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சுனாமி, தானே புயல் எல்லாம் பார்த்த ஊர் நம்முடையது. காற்று ஓய்ந்ததும் ‘தப்பித்தோம்’ என்று படுத்துவிட்டோம். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரையை உடைத்துக்கொண்டு வந்தது அதற்குப் பிறகு.

ஆற்றோரம் குடியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். விடியற்காலை முழங்கால் அளவுத் தண்ணீரில் தெருப் பையன்கள் நான்கு பேர் வந்து, அவரைப் போர்வையோடு தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். “நாற்காலி, நாற்காலி” என்று இவர் கத்தியிருக்கிறார். “உசுரு முக்கியமா, நாற்காலி முக்கியமாண்ணே?” என்று கேட்டான் ஒரு பையன். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வந்ததே பெரிது.

முகாமில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத உடம்பு. நமக்கெல்லாம் தெரியும், கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அடியில் நல்ல குஷன் இருக்க வேண்டும். வழுக்குகிற பிளாஸ்டிக்கில் கையை எங்கே ஊன்றுவது? யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது பின்பக்கம் ரூபாய் நாணயம் அளவு சிவப்பு. ஒரு வாரத்தில் அது குழியானது. மூன்று நாள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தார். தையல் மெஷினைத் தொட்டது மார்ச் கடைசியில். அவருடைய சக்கர நாற்காலி வீட்டுத் திண்ணையிலேயே சேற்றில் கிடந்தது. பேரிங் முழுக்க வண்டல்.

இந்த ஆண்டு செயற்குழு பேசியதெல்லாம் இதைச் சுற்றித்தான். ஆளைக் காப்பாற்றுகிறவர்கள் நாற்காலியைச் சாமான் கணக்கில் சேர்க்கிறார்கள். கட்டில், பீரோ மாதிரி. நமக்கு அது கால்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 8-ஆம் பிரிவை எல்லோரும் ஒரு முறை படியுங்கள். பேரிடரில் நமக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்று சொல்வதோடு நிற்கவில்லை. மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. இந்தப் பிரிவைக் காட்டி மனு கொடுத்திருக்கிறோம். அதோடு, நாமே வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுத்து இணைத்தோம். யாருக்கு எந்த வண்டி, வாசலில் எத்தனை படி, தூக்க எத்தனை ஆள் வேண்டும், யாருக்குக் கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) என்று அதில் இருக்கிறது. பெயரும் கதவு எண்ணும் மட்டும் உள்ள பட்டியலால் வெள்ளத்தில் பிரயோசனம் இல்லை.

மனு பாட்டுக்கு மனு. ஆற்றோரத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களைக் கூப்பிட்டுப் பழக்கினோம். நாற்காலியை எப்படி மடக்குவது? சீட்டின் நடுத்துணியைப் பிடித்து மேலே இழுத்தால் அதுவாக மடங்கும். ஆளோடு தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்கக்கூடாது. பல வண்டிகளில் அது கழன்று கையோடு வந்துவிடும், ஆள் கீழே. ஃபிரேமைப் பிடிக்க வேண்டும். முதல் ஞாயிறு டம்மியாக உட்கார்ந்தவன் நான். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது வாரம் அவர்கள் என்னைத் தூக்கிய லாவகம், அடடா, கோயில் பல்லக்கு தோற்றது.

உறுப்பினர் வீட்டுக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ‘ஆள், நாற்காலி, குஷன், பை’ என்று நான்கே சொல். பையில் கதீட்டர், யூரின் பேக், கையுறை, ஒரு வார மாத்திரை, அடையாள அட்டை நகல். எல்லாம் பிளாஸ்டிக் கவரில். அக்டோபர் பிறந்ததும் பையைத் திறந்து மாத்திரைத் தேதி பார்க்க வேண்டியது அவரவர் பொறுப்பு.

புயல் பாதுகாப்பு மையங்கள் சிலவற்றையும் அளந்தோம். ஒன்றில் ‘சாய்தளம் உள்ளது’ என்று சுவரிலேயே எழுதியிருந்தது. தரைமட்டத்திலிருந்து தாழ்வாரம் 3 அடி உயரம். சாய்தளத்தின் நீளம் 12 அடி. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்குப்படி 36 அடி வந்திருக்க வேண்டும். அதில் ஏறப்போன நம் இளைஞர் பாதியில் மல்லாந்தார். பின்னால் ஆள் நின்றதால் பிழைத்தார். உண்மையில் அது பைக் ஏற்றுகிற சரிவு. மேல்தளத்தில் நல்ல கழிப்பறை, கதவு 24 அங்குலம். என் வண்டி 26.

வெள்ளத்துக்குப் பிறகு நல்ல மனம் படைத்த சிலர் சக்கர நாற்காலிகள் தர முன்வந்தார்கள். அளவெடுத்துத் தருவதென்றால் வாங்கிக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டோம். செயற்குழுவிலேயே சிலருக்கு இதில் வருத்தம். என் பக்க நியாயத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுகிற நாற்காலிக்கு முன்சக்கரம் சின்னது. தேவனாம்பட்டினம் மணலில் அது இரண்டடி போனதும் புதையும், ஆள் முன்னால் சாய்வார். மெலிந்தவருக்குப் பெரிய சீட் கொடுத்தால் ஒரு பக்கம் ஒருக்களித்தே உட்கார்ந்து முதுகு கோணும், புண் வரும். சுனாமிக்குப் பின் வந்திறங்கிய நாற்காலி ஒன்றில் கருவாடு காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கும் அவர் வாழ்கிற இடத்துக்கும் பொருத்தமாக அளந்து, சரிபார்த்து, ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. முன்னால் ஒரே பெரிய சக்கரம் வைத்த நீள வண்டிதான் நம் கடற்கரைக் குப்பங்களுக்குச் சரி. இரண்டு பேருக்கு அப்படி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் சென்னைப் பயணம். ‘சங்கம் சுற்றுலா போகிறதா?’ என்று கேட்டவர்களுக்கு என் பதில்: சாதாரண நாளில் வண்டி ஏறத் தெரியாதவர் வெள்ள நாளில் எப்படி ஏறுவார்? ஆறு நாற்காலி, ஆறு துணையாள். துணையாளுக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, சான்றிதழை மறக்காதீர்கள்.

ஏறிய நிலையத்தில் நமக்கான பெட்டி வண்டியின் கடைசியில் நின்றது. அங்கே பிளாட்பாரம் முடிந்து ஜல்லி ஆரம்பித்திருந்தது. உள்ளே ஏற்கெனவே இருபது பேர், இரண்டு மூட்டை மீன். சண்டை போட்டு இடம் பிடித்தோம், அதை விவரிக்க வேண்டாம். எழும்பூரில் மெட்ரோவுக்கு இறங்கியதும் வேறு நாடு மாதிரி இருந்தது. லிஃப்ட் ஓடியது, அகலமான கேட் திறந்தது. சென்ட்ரலில் மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கும் வரை ஒருவரும் எங்களைத் தூக்கவில்லை. “யாரும் தொடாம இவ்ளோ தூரம் வந்தது இதுதான் முதல் தடவை” என்றார் நம் சிதம்பரம் தம்பி. அங்கிருந்து மெரினாவுக்கு ஆட்டோ. சென்னையில் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்து ஒன்றில் திரும்பும்போது ஏறிப் பார்த்தோம். கண்டக்டர் பலகையை விரிக்க இரண்டு நிமிடம். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன, அடிக்கட்டும்.

மெரினாவில் 263 மீட்டர் மரப்பாதை மணலைத் தாண்டி அலை வரைக்கும் போகிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். நம்மோடு வந்த குப்பத்து அக்காவுக்கு 2004 டிசம்பர் 26 அன்று படகு முதுகில் விழுந்து கால் போனது. கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் இருபது வருடமாக அவர் அலைக்குக் கிட்டே போகவில்லை. பயம் பாதி, மணல் பாதி. பாதையின் முனையில் பிரேக்கைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார். என்ன நினைக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் அவரே, “தண்ணி கலங்கலா இருக்கு, இன்னிக்கு இங்க மீன் படாது” என்றார்.

நம் கடற்கரைக்கும் இப்படி ஒரு பாதை வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது.

சட்டப் பக்கம் ஒரே செய்தி. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மனுவில் இதையும் சேர்க்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை நான் வாசிக்கப்போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் தப்பித்தவன் நான். ஒரு வாரம் கழித்து, சாய்ந்து கிடந்த பலாமரத்தை வெட்டும்போதுதான் கிளை முதுகில் விழுந்தது. அதனால் இந்த ஆண்டுப் பயிற்சியில் புயலுக்கு மறுநாள் மரம் வெட்டப் போகிறவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் அளக்காத பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. மழைக்கு முன் முடிக்க வேண்டும். டேப் சங்கத்திடம் இருக்கிறது, மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் டீ கொடுக்கும் மேசையில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்